ஊதாப் பொட்டு

வெள்ளிக்கிழமை காலை கூட்டுக்குள் கைவிட்டு அந்தக் கினிப்பன்றியைத் தூக்கியபோது, அதன் தொடையிடுக்கில் கடலைப் பருப்பளவு கட்டியொன்று இக்னேசியசின் பெருவிரலில் தட்டுப்பட்டது.

விரலை எடுத்தான். மறுபடி வைத்தான். கட்டி அங்கேயேதான் இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தான். போன கிழமையைவிட மூன்று அவுன்ஸ் குறைந்திருந்தது. அதன் சோடியைத் தூக்கித் தடவினான். அதற்கும் அதே இடத்தில், சற்றுச் சிறிதாக.

துறைமுகத்தை அடுத்திருந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக விலங்குகளைப் பராமரிக்கிறவன் அவன். ஒருவருக்குக் கசம், அதாவது காசநோய், என்று சந்தேகம் வந்து, நுணுக்குக்காட்டியில் கிருமி தெரியாமல் போனால், அவருடைய நெஞ்சுநீரை எடுத்து இரண்டு கினிப்பன்றிகளின் தொடையில் ஊசியால் ஏற்றுவார்கள். ஆறு கிழமை பொறுத்து அவற்றை அறுத்துப் பார்ப்பார்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் அந்த மனிதர் தப்பினார். கட்டி கட்டியாக இருந்தால் கசம்தான். ஊசி ஏற்றியவற்றை அடையாளம் காண முதுகில் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைப்பது இக்னேசியசின் வேலை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கட்டிகள் அவன் விரலில் தட்டுப்பட்டிருக்கின்றன. டொக்டர் கத்தியை எடுக்குமுன்பே அவனுக்கு விடை தெரிந்துவிடும். ஆரோ பாவம் என்று நினைத்தபடி புல்லைப் போட்டுவிட்டு அடுத்த கூட்டுக்குப் போய்விடுவான்.

இந்தக் கூட்டில் தொங்கிய அட்டையில் அவனுடைய மகளின் பெயர் இருந்தது. இன்பமலர், வயது ஒன்பது.

டொக்டர் ஆனந்தராசா உள்ளே வந்தார். இக்னேசியஸ் கையிலிருந்ததை அவசரமாகக் கீழே விட்டான்.

"எப்பிடி எங்கட ஆக்கள்?"

"சுகமா இருக்கினம் ஐயா."

"திங்கட்கிழமை பார்த்திடுவம். அதோட இந்த அறையைப் பூட்டித் திறப்பைக் குடுக்கவேணும்." வெள்ளைக்காரர் அடுத்த மாதம் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். ஆய்வுகூடம் மூடப்படுகிறது. நாற்பதுக்கு மேல் கினிப்பன்றிகள் இருந்த இடத்தில் நான்குதான் மிச்சம். பொட்டு வைத்தவை இரண்டு. பக்கத்துக் கூட்டில் ஊசியே காணாத கொழுத்த இரண்டு. டொக்டர் அவற்றைக் காட்டிச் சொன்னார். "இதுகள் ரெண்டும் உம்முடைய மகளுக்கு. மறந்திடாதையும். கூடு கட்டியாச்சோ?"

"கட்டுறம் ஐயா," என்றான் இக்னேசியஸ்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால், முற்றத்தில் மரியம்மா தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கூடு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கச்சான் எனும் மேல்காற்றின் வெக்கை படாமல் மேலே தென்னங்கிடுகு வேய்ந்து, முன்புறம் கம்பிவலை அடித்து, எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர் நிறைந்த தகரப் பேணிகளுக்குள் நிறுத்தியிருந்தாள். அந்த வீட்டில் இதற்கு முன் சட்டிக்குப் போகாத எந்த உயிரையும் வளர்த்ததில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வாத்து, உயிர்த்த ஞாயிறுக்குச் சேவல். சும்மா வைத்துப் பார்க்க என்று ஒன்று வருவது இதுதான் முதற்தடவை.

இன்பமலர் வாசலில் சாய்கதிரையில் போர்வையோடு கிடந்து மேற்பார்வை பார்த்தாள். இரண்டு மாதமாகப் பின்னேரமானால் காய்ச்சல். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கினிப்பன்றி வரப்போகிறது என்று தகப்பன் சொன்ன நாளிலிருந்துதான் அவள் நாலு வாய் சோறாவது தின்கிறாள். "ராணிக்கு ஒரு வாய், பிஸ்கற்றுக்கு ஒரு வாய்" என்று மரியம்மா ஊட்டுவாள். பார்க்காத விலங்குகளுக்கு ராணி என்றும் பிஸ்கற் என்றும் பெயரும் வைத்தாகிவிட்டது.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ரபீக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மரியம்மா, கோழிக்கு மாளிகை கட்டுறீங்க?"

"கோழிக்கில்லை. கினிப்பிக் வருகுது."

"அது முட்டை போடுமா?"

"இல்லையாம்."

"பால்?"

"அதுவும் இல்லை."

"அப்ப இறைச்சிக்கு?"

"ஐயோ மாமி!" என்று இன்பமலர் கத்தினாள். "அதைத் தின்னக் கூடாது!"

"ஒரு வேலையும் செய்யாம இருந்து தின்னுற சாதி எண்டு சொல்லு. எங்கட வீட்டுலயும் ஒருத்தர் அப்பிடித்தான் இருக்கார். கூட்டைக் கொஞ்சம் பெரிசாக் கட்டினா அவரையும் கொண்டந்து விடுறன்."

இன்பமலர் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது, விடாமல் இருமினாள். ரபீக்காவின் முகம் வேலிக்குப் பின்னால் மெதுவாக மறைந்தது.

குசினிக்குள் மரியம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, அதுகள் எப்பிடி? பொட்டு வைச்சதுகள்?"

"நல்லா இருக்குதுகள்."

"தின்னுதோ?"

"ஓம்."

"என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்தான். "நல்லாத் தின்னுதுகள் மரியம்மா."

அவள் சுவரில் தொங்கிய மாதா படத்தின் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் போட்டாள். "நான் இப்ப பிள்ளைக்காக மன்றாடுறேல்லை. அந்த ரெண்டு சீவனுக்காகத்தான் மன்றாடுறன். அதுகள் சுகமா இருந்தா இவளுக்கு ஒண்டுமில்லை." பிறகு மெல்லச் சொன்னாள். "பேணாட்டைக் கொண்டுபோன மாதிரி இவளைக் கொண்டுபோக விடமாட்டன். என்னை வெட்டிப் போட்டிட்டுத்தான் கொண்டுபோகவேணும்."

பேணாட் அவர்களுடைய மூத்த மகன். நாலு வருடத்துக்கு முன் இதே இருமலோடு வடக்கே உள்ள கசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஐந்து மாதத்தில் பெட்டியில் வந்தான். அதன்பிறகு ஒரு வருடம் மரியம்மா யாரோடும் கதைக்கவில்லை. சமைப்பாள், துவைப்பாள், கதைக்கமாட்டாள். அந்த ஒரு வருடம் இக்னேசியசுக்கு நினைவிருந்தது. அந்த வீடு இன்னொரு தடவை அப்படிக் கிடப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவும் ஏலவில்லை.

அன்றிரவு அவன் படுத்தானேயொழிய உறங்கவில்லை. மகள் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு கிடந்தான்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆய்வுகூடத்தில் யாருமில்லை. இக்னேசியஸ் கதவைச் சாத்தினான். கத்தரிக்கோலை எடுத்து, கட்டி வந்த இரண்டின் முதுகிலும் ஊதாப் பொட்டு இருந்த மயிரை ஒட்ட வெட்டினான். பக்கத்துக் கூட்டுக் கொழுத்தவற்றைத் தூக்கி, அவற்றின் முதுகில் புதிதாக ஊதா மருந்தைத் தொட்டு வைத்தான். இரண்டு சோடிகளையும் கூடு மாற்றி விட்டான். நான்கும் ஒரே கபிலநிறம், ஒரே வெள்ளை மார்பு. பொட்டைத் தவிர வேறு அடையாளம் டொக்டருக்குத் தெரியாது.

வெட்டிய மயிரைக் கூட்டி வெளியே கொட்டினான்.

திங்கட்கிழமை டொக்டர் கொழுத்த இரண்டையும் அறுப்பார். உள்ளே சுத்தமாக இருக்கும். 'இது கசமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான்' என்று எழுதுவார். மகள் வீட்டில் இருப்பாள். கட்டி வந்த வருத்தக்காரர் இரண்டையும் நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் வந்து மயக்கமருந்து கொடுத்துப் புதைத்துவிடலாம். கினிப்பன்றிகள் செத்துப்போயின என்று மகளிடம் சொல்லவேண்டும். அழுவாள். அழட்டும். வீட்டிலிருந்து அழட்டும்.

மகளுக்கு உண்மையாகவே கசம் என்பதை அந்தக் கணக்கில் அவன் எங்கேயும் சேர்க்கவில்லை. முட்டையும் பாலும் கொடுத்தால், அம்மாவின் பக்கத்தில் படுத்தால், மாதா கண் திறந்தால் மாறிவிடும் என்று ஒரு நினைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பின்னேரம் ஐந்து மணியிருக்கும். கிணற்றடியில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது ஒழுங்கையில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மகளின் கூச்சல் கேட்டது.

"அம்மா! டொக்டர் மாமா ராணியைக் கொண்டு வந்திட்டார்!"

இக்னேசியசின் கையிலிருந்து வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது.

இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு முற்றத்துக்கு ஓடினான். டொக்டர் ஆனந்தராசா மூடிபோட்ட கூடையொன்றைப் புதுக் கூட்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். மரியம்மா அவருக்குக் கதிரை எடுத்துப் போட ஓடினாள்.

"இக்னேசியஸ் விட்டிட்டு வந்திட்டார். இந்தப் பக்கம் வந்தனான், என்ர கையாலயே குடுப்பம் எண்டு..." டொக்டர் மூடியைத் திறந்தார். "ஆனா முதுகில ஏன் மயிரை வெட்டினவர் எண்டு விளங்கேல்லை."

"ஆகலும் மெலிஞ்சிருக்கே," என்றாள் இன்பமலர். போர்வை கீழே விழுந்து கிடந்தது. இரண்டு கைகளையும் கூடைக்குள் நீட்டினாள். "என்னை மாதிரி. வா ராணி, முட்டை தாறன்..."

"தொடாதை!"

அப்படியொரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து முன்பு வந்ததில்லை. மகளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தான். அவள் தடுமாறி மண்ணில் விழுந்தாள்.

"என்னப்பா உங்களுக்கு?" மரியம்மா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். "விசரோ?"

இக்னேசியஸ் மூடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஐயா, இதுகள் இல்லை. இதுகள்தான் ஊசி போட்டதுகள். நான் பொட்டை மாத்திப்போட்டன்."

டொக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் மூடியை அவன் கையிலிருந்து எடுத்தார். ஒன்றைத் தூக்கித் தொடையிடுக்கில் விரலை வைத்தார். அடுத்ததையும் பார்த்தார். மரியம்மா அவருடைய முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஐயா, கட்டி இருக்கோ?"

"ஓம் அம்மா."

அவள் அலறவில்லை. புருசனைப் பார்த்தாள். "நேற்றே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்ர முகத்தைப் பார்த்துச் சொன்னனீங்கள்."

"நீதானே மரியம்மா, விடமாட்டன் எண்டு..."

"நான் சொல்லுவன்! நான் பெத்தவள், ஆயிரம் சொல்லுவன்! அதுக்காகப் பிள்ளையை வீட்டுக்குள்ள வைச்சுச் சாகவிடுறதோ?" ஓங்கி அவனுடைய ஈர மார்பில் குத்தினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது குத்துக்கு அவளுக்குப் பலமில்லை.

டொக்டர் கூடையை மூடினார். அவருடைய குரல் கோபத்தில் தணிந்திருந்தது. "திங்கட்கிழமை நான் சுத்தம் எண்டு எழுதியிருப்பன். பிள்ளைக்கு மருந்தில்லாமல் போயிருக்கும். உம்முடைய மகன் ஏன் தப்பேல்லை தெரியுமோ, இக்னேசியஸ்? எட்டு மாதம் கைமருந்து குடுத்திட்டுப் பிந்திக் கொண்டுபோனீர். இவளுக்கு நேரம் இருக்கு. நாளைக்கே ஊசி தொடங்கலாம். புதன்கிழமை ரெயினில வடக்கே அனுப்பவேணும்."

"தாய் கூட நிக்க விடுவினமோ?" என்று கேட்டாள் மரியம்மா.

"உள்ளுக்கு விடாயினம். பக்கத்தில ஒரு அறை எடுத்தா ஞாயிற்றுக்கிழமைகளில பார்க்கலாம்."

"அப்ப எடுக்கிறம்."

இன்பமலர் அதுவரை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மற்ற ரெண்டும்?" என்றாள். "கொழுத்த ரெண்டும்? அதுகள்தானே என்ர ராணியும் பிஸ்கற்றும்."

டொக்டர் இக்னேசியசைப் பார்த்தார். "எந்தக் கூட்டுக்குள்ள விட்டனீர்?"

"வருத்தக்காரரின்ர கூட்டுக்குள்ள."

"அதே வைக்கோலோ?"

"அதே வைக்கோல்தான் ஐயா."

"அப்ப அதுகளுக்கும் தொற்றியிருக்கலாம், வீட்டுக்குக் குடுக்க ஏலாது மகள்," என்றார் டொக்டர். கூடையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு நடந்தார். வேலிக்கு அப்பால் ரபீக்கா விம்முவது கேட்டது.

மரியம்மா உள்ளே போனாள். மகள் கூட்டின் கம்பிவலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள். உள்ளே புதுப் புல் பரப்பியிருந்தது.

"அப்பா, நாலும் சாகுமோ?"

இன்னொரு பொய் அவன் வாயில் ஆயத்தமாக நின்றது. டொக்டர் ஊருக்குக் கொண்டுபோய் வளர்ப்பார் என்று சொல்லலாம். மகள் நம்புவாள்.

"ஓம் மகள்," என்றான்.

"என்னாலயோ?"

"ரெண்டு உனக்கு என்ன வருத்தமெண்டு சொல்லிப்போட்டுச் சாகுது. மற்ற ரெண்டும் என்னால."

அவள் அவனைப் பார்த்தாள். "பேணாட் அண்ணா மாதிரி எனக்கும்..."

"தெரியாது மகள். மருந்து இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. மெல்ல மெல்ல நடந்து, படியில் ஒருதரம் நின்று மூச்செடுத்து, தாயிடம் உள்ளே போனாள்.

இக்னேசியஸ் முற்றத்திலேயே நின்றான். சாரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் காலடி மண்ணை நனைத்தது. அந்த வீட்டுக்குள் போக இனித் தனக்கு என்ன உரிமை என்று அவனுக்குத் தெரியவில்லை. மரியம்மா இனி ஒரு வருடம் கதைக்கமாட்டாள் என்று நினைத்தான். தான் கேட்டு வாங்கியதுதான் என்றும் நினைத்தான்.

அறைக்குள் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை உதறி மடிக்கும் சத்தம். மகளின் இருமல். பிறகு மரியம்மாவின் குரல், கரகரத்து, எரிச்சலோடு வந்தது.

"இஞ்சாருங்கோ! அங்க என்ன நிண்டு பார்க்கிறியள்? றங்குப்பெட்டி அலுமாரிக்கு மேல கிடக்கு. எனக்கு எட்டாது."

இக்னேசியஸ் உள்ளே ஓடினான்.