ஏறுமுகக் கோட்பாடு

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கே நாள் இருந்தபோது என் முனைவர் பட்டத்தைக் கவிழ்த்தது ஒரு ஃப்ரிட்ஜ்.

என் வழிகாட்டிக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஏறுமுகம் மேடம்'. முப்பது வருடங்களுக்கு முன் வீடு வீடாகப் போய், வேலை செய்துகொண்டே பெண்கள் பாடியதைப் பேட்டரி டேப்ரெக்கார்டரில் பதிந்தவர். பாடப் பாட அவர்கள் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, அது மனசில் உற்சாகம் ஏறுவதன் அடையாளம் என்பது அவர் கோட்பாடு. அதை அளந்து நிரூபிப்பது என் வேலை. நாலு வருடம் ஹெட்ஃபோனும் காதுமாக உட்கார்ந்து அளந்தேன். அறுபத்திரண்டு டேப், அறுபத்திரண்டிலும் ஏற்றம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு பெண்கள் அப்படி ஒற்றுமையாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் டேப் மேடத்தின் அம்மா பாடியது. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு மணிநேரம் பாடியிருப்பார். ஞாயிறு காலை அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"பின்னாடி கேக்குதே, அது பழைய கம்ப்ரஸர்தானே?"

"ஏதோ ஓடுது. பாட்டைக் கேளுங்க, எப்படி ஏறுது பாருங்க!"

"பாட்டு ஏறுறது இருக்கட்டும். ஃப்ரிட்ஜும் கூடவே ஏறுதே. அதுக்கு என்னம்மா உற்சாகம்?"

சிரித்துவிட்டுத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. மேடத்துக்கு ஃபோன் போடவா, இவர் வாயைப் பொத்தவா என்று புரியவில்லை.

"பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவா சுத்தியிருக்கும். மெதுவா பதிஞ்சதை இப்ப சரியான வேகத்துல ஓட்டினா எல்லாமே ஏறத்தான் செய்யும்" என்றார், வாஷர் தேய்ந்துபோச்சு என்கிற குரலில். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஃப்ரிட்ஜ் சத்தம் ஒரே சீராக வரும்படி கணினியில் டேப்பின் வேகத்தைத் திருத்தினேன். ஏற்றம் போய்விட்டது. போனதோடு நிற்காமல், அந்தக் குரல் பாட்டுக்குப் பாட்டு இறங்கியது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பேசாமல் சமர்ப்பித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே. சொன்னால் பட்டம் போகும், மேடத்தின் பேரும் போகும். சொல்லாவிட்டால் எது போகும் என்று யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். மேசைமேல் அவர் கையெழுத்துப் போட்டுவைத்த ஒப்புதல் படிவம் தயாராக இருந்தது. உளறிக் கொட்டினேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"திருத்தினதைப் போடு" என்றார்.

கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். கடைசிப் பாட்டில் அந்தக் குரல் பாதி அடியில் மூச்சு வாங்கியது. ஏறிய டேப்பில் அதை நான் துள்ளல் என்று குறித்திருந்தேன், மூன்றாம் அத்தியாயத்தில், தடித்த எழுத்தில்.

"அசந்துபோயிருக்காங்க" என்றார் மேடம். "நான்தான் விடல. இன்னும் ஒண்ணு பாடும்மா, இன்னும் ஒண்ணுன்னு உயிரை எடுத்தேன். பாடப் பாட அவங்களுக்குச் சந்தோஷம்னுதான் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"சாரி மேடம்" என்றேன். யாருக்காக, எதற்காக என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

படிவத்தை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "ஒரு வருஷம் நீட்டிப்பு கேட்டு எழுது, நான் சிபாரிசு பண்றேன். அறுபத்திரண்டையும் திருப்பி அள. ஆய்வேட்டுல சரியானது மட்டும்தான் இருக்கணும்."

"சரிங்க மேடம்."

"இப்ப எனக்குத் தப்பானதைப் போடு."

போட்டேன். அவர் அம்மா உற்சாகமாக, மேலே மேலே ஏறிப் பாடினார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வருடம் வீணாய்ப் போனதே என்று அழத் தொடங்கியவள், பாதியில், எதற்கு அழுகிறேன் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.