ஈரச் சட்டைக்கை

நரம்புச் சோதனை அறைக்குள் அண்ணன் வந்து உட்கார்ந்ததுமே, சோதனை செய்யும் தங்கைக்கு ஏதோ உறுத்தியது. அவன் வலது சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். கை சரியாக இருக்கிறதென்று இன்று அவள் தாள் கொடுத்தால்தான் நாளைக்கு வண்டி அவனுக்கு.

"கை கழுவினேன்," என்றான். பொய் சொல்ல வராத மூஞ்சி. சின்ன வயதில் அதற்காகவே உதை வாங்கியவன்.

மணிக்கட்டிலும் முழங்கையிலும் மாறி மாறி மின்சாரம் கொடுத்தாள். திரையில் இரண்டு அலைகளும் ஜம்மென்று எழுந்தன.

"பாத்தியா? சும்மா பெரிசு பண்ணின. தாளக் குடு."

அச்சுப் பொத்தானுக்குக் கை போன பிறகுதான் உறைத்தது: தோலின் சூட்டை அளக்கவேயில்லை. எந்த நோயாளிக்கும் முதலில் செய்கிற வேலை, அண்ணன் என்றதும் விட்டுப்போயிருந்தது. அளந்தாள். இருபத்தாறு டிகிரி. குறைந்தது முப்பத்திரண்டு இருக்க வேண்டும்.

"ஐஸ் தண்ணியில முக்கினியா?"

"குளிர்ந்தா நல்லாப் பிடிக்குது. விட்டுடேன், தங்கம்."

கில்லாடி, காரணம் தெரியாமலே கண்டுபிடித்துவிட்டான். அழற்சி நரம்பின் உறையை அரித்தால், ஓரிடத்தில் நெருக்கியடித்து நின்று மின்செய்தியைத் தள்ளிவிடும் சோடியம் வாயில்கள் கலைந்துபோகும். செய்தி அந்த இடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் தாண்டும். குளிரில் அவை மெதுவாக மூடுவதால் செய்தி எப்படியோ போய்ச் சேரும். சூட்டில் படக்கென்று மூடிக்கொள்ளும்.

வெந்நீர்ப் பையை அவன் கையில் சுற்றினாள். பத்து நிமிடம். நான் நினைப்பது பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி மின்சாரம் கொடுத்தாள். மணிக்கட்டின் அலை எழுந்தது. முழங்கையின் அலை தரையோடு படுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே எங்கோ செய்தி நின்றுபோகிறது.

"மருந்து இருக்குண்ணா. சீக்கிரம் ஆரம்பிச்சா கை தேற வாய்ப்பிருக்கு. இப்போ வண்டி மட்டும் வேண்டாம்."

"அதுவரைக்கும் ஐஸ் வச்சு ஓட்டிக்கறேன். மொதல்ல, குளிர்ல வந்த அலையையே அடிச்சுக் குடு."

"மத்தியான வெயில்ல, என்ஜின் பக்கத்துல உக்காந்தா?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"நேத்து வளைவுல ஸ்டியரிங் கைய விட்டு நழுவிடுச்சு. முன் சீட்ல உம் பொண்ணு. 'நானும் பிடிக்கறேன் மாமா'ன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்தா."

சூட்டில் படுத்துவிட்ட அலைதான் திரையில் இன்னும் நின்றது. அச்சுப் பொத்தானை நோக்கிப் போன அவள் விரல் பாதியில் நின்றுவிட்டது. அவன் இடது கையை நீட்டி அந்தப் பொத்தானைத் தானே அழுத்தினான்.