இன்ஸ்பெக்டரு யாரைப் பாத்து சீறுச்சு

பக்கத்து வூட்டு எட்மண்டு சார் மேல எனக்கு மொதல்லேர்ந்தே ஒரு இது. ரயில்வேல ரிட்டயர் ஆன மனுசன், ஒண்டிக்கட்டை. காலங்காத்தால காம்பவுண்டு சுவத்துல கைய ஊனிகினு எங்க வூட்டையே பாத்துகினு நிப்பாரு. இன்னாத்துக்குப் பாக்கணும்? சினிமாவா ஓடுது இங்க?

எங்க வூட்ல நானு, எங்க வூட்டுக்காரரு ரங்கன், அப்பறம் இன்ஸ்பெக்டரு. இன்ஸ்பெக்டருன்னா வாத்து. வெள்ளையா, நெட்டைக் கழுத்தா, கூஸுன்னு சொல்றாங்களே, அந்தப் பெரிய ஜாதி. முடிச்சூர்ல பாதி மனை இன்னும் காலியாத்தான் கீது. மழை பெஞ்சா தண்ணியோட பாம்பும் உள்ள வந்துரும். போன மழைக்கு ஒண்ணு கேஸ் அடுப்புக்கு அடியில சுருண்டுகினு இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் இத்த குஞ்சா வாங்கியாந்தோம். அப்போலேர்ந்து ஒரு பாம்பு வாசப்படி ஏறல. புள்ள இல்லாத வூட்ல அதுதான் புள்ள, அதுதான் காவல்.

அது பாதி வளத்தியா இருக்கச்சொல்ல, எட்மண்டு சார் எட்டிப் பாத்து, "சரசும்மா, நல்லா கொழுகொழுன்னு வந்துட்டானே! கிறிஸ்மஸ் விருந்துக்கு ஆவான் போல"ன்னு சிரிச்சாரு. அந்தக் கண்ணு சும்மா வுடுமா? அன்னிக்கே கோயில்ல மந்திரிச்ச கருப்புக் கயிறு வாங்கியாந்து, இன்ஸ்பெக்டரு கால்ல நல்லா இறுக்கிக் கட்டுனேன். அப்பறம் நிம்மதியா அத்த மறந்துட்டேன்.

இந்த மழை வுட்ட கையோட அது நொண்ட ஆரம்பிச்சுது. கால் வீங்கி, செவந்து, ஊன முடியாம ஒத்தக் கால்ல நிக்குது. பாத்தவுடனே எனக்குப் புரிஞ்சிருச்சு. எவனோ கல்லால போட்டுக்கீறான். எவனோ இன்னா எவனோ, பக்கத்து வூட்டு ஆளுதான்!

"நீ பாத்தியா?"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

"பாக்கணுமா? ஜெபம் பண்ணச்சொல்ல இது கத்துதுன்னு அந்தாளுதானே பொலம்பினாரு?"

"அதுக்குக் காலையா ஒடப்பாரு? டாக்டராண்ட காட்டலாம் வா."

"டாக்டரு கால எடுக்கணும்பாரு. நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு."

மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு, கால் பூரா பத்து போட்டேன். தெனமும் பழைய பத்து மேலயே புதுப் பத்து, அதுக்கு மேல துணி. தவுடு பெசைஞ்சு கையால ஊட்டுனேன். ஆனா பத்து போடப் போனாலே என்னையே கொத்தும். வலி, பாவம். வீக்கம் மட்டும் கொறையல. ஒரு மாதிரி நாத்தம் வேற வர ஆரம்பிச்சுது. கால் போயிருமோ, காலோட இதுவும் போயிருமோன்னு எனக்குத் தூக்கமே புடிக்கல.

"சரசும்மா, அந்தப் பத்தைக் கழுவிட்டு கால நல்லா பாருங்களேன்"ன்னாரு எட்மண்டு சார். கழுவணுமாம்! மருந்து போச்சுன்னா கால் போயிரும், அதான் பிளானு. இன்ஸ்பெக்டருக்குன்னு ஒரு பன்னு வேற குடுத்தாரு. அத்த காக்காய்க்குப் போட்டுட்டு, காக்கா சாவுதான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துகினு இருந்தேன். சாவல. அதுவே எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு.

அப்பறம்தான் ஒரு யோசனை வந்துச்சு. இந்த வாத்து, நோவ வச்ச ஆள மறக்காது. குஞ்சுல றெக்கையப் புடிச்சு இழுத்த பால்காரரைப் பாத்தா இன்னிக்கும் கழுத்த நீட்டி சீறும். சரி, அதுவே சொல்லட்டும்னு இன்ஸ்பெக்டரைத் தூக்கிகினு போய் சுவத்தாண்ட நின்னு, "சார், கொஞ்சம் வாங்க"ன்னேன். வந்தாரு. மூச்ச அடக்கிகினு பாத்தேன். அது கழுத்த நீட்டுச்சு. நீட்டி, அவரு உள்ளங்கையில அலக வச்சு மெதுவா தடவுச்சு.

வசியம் பண்ணிட்டாருய்யா மனுசன்!

மறுநா தண்ணி லாரிக்குக் கொடம் தூக்கிகினு போய்ட்டு வந்து பாத்தா இன்ஸ்பெக்டரைக் காணோம். எட்மண்டு சார் வூட்லேர்ந்து அதோட கத்தல். வுழுந்தடிச்சு ஓடுனேன். படியில உக்காந்துகீறாரு, மடியில துண்டு சுத்தி என் புள்ள, கையில கத்திரிக்கோலு!

"ஐயையோ, கொலகாரா! வுடுய்யா!" நான் போட்ட சத்தத்துல எங்க வூட்டுக்காரரு ஓடியாந்தாரு, தெருவே கூடிருச்சு.

எட்மண்டு சார் தல நிமிரல. "கத்தாதீங்கம்மா, ஆடுது. கேட் தெறந்து கெடந்துச்சு, அதுவே நொண்டிகிட்டு வந்துச்சு. நாத்தம் தாங்கல, கழுவினேன். இங்க பாருங்க."

பாத்தேன். பத்தெல்லாம் பக்கெட் தண்ணியில மஞ்சளா கரைஞ்சு கெடக்குது. வீங்குன கால்ல நடுவுல ஒரு பள்ளம். பள்ளத்துல, சதைக்குள்ள, கருப்பா ஒரு கோடு. கத்திரிய நொழைச்சு ஒரு வெட்டு வெட்டி, மெதுவா இழுத்தாரு. ரத்தத்தோட வெளிய வந்துச்சு கயிறு. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு. கால் வளந்துச்சு, கயிறு வளருமா?

"எந்தப் பாவி இப்படி இறுக்கிக் கட்டினது?"ன்னாரு.

தெருவே நின்னுகினு கீது. பொய் சொல்ல வாய் வரல. "நான்தான் சார். உங்க கண்ணு பட்டுருமேன்னு."

"என் கண்ணா?"ன்னாரு. காயத்துல துணியக் கட்டி, "கால் தப்பிச்சுரும்னுதான் நினைக்கிறேன். உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க"ன்னு இன்ஸ்பெக்டரைக் கீழ வுட்டாரு.

அழுகை அழுகையா வந்துச்சு எனக்கு. "வாடா ராசா, அம்மாவாண்ட வா"ன்னு குனிஞ்சு ரெண்டு கையும் நீட்டுனேன். அது நொண்டி நொண்டி எட்மண்டு சார் காலுக்குப் பின்னால போய் நின்னுகினு, கழுத்த நீட்டி, என்னப் பாத்து சீறுச்சு.