ஜன்னலைத் திறந்தது யார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தானாகத் தோன்றியதல்ல. மாத இதழ் ஆசிரியர் தட்சிணாமூர்த்தி போனில் கேட்டார்: "சார், ஒரு பேய்க்கதை வேணும். கடைசியில சயின்ஸ் ஜெயிக்கணும். ஆனா லேசா ஒரு டவுட்டும் இருக்கணும்." சரியென்று தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்!

முதல் தொடக்கம்: 'பாழடைந்த அந்த பங்களாவில் ஓர் ஆந்தை...'

அட, நான் இருக்கிற பெருங்களத்தூரில் பங்களாவுக்கு எங்கே போவேன்? எங்கே பார்த்தாலும் புது ஃப்ளாட். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தத்தில் பேய் அலறினாலும் கேட்காது.

2

சரி, ஃப்ளாட்டே இருக்கட்டும். வருஷம் 2006, ஊரெல்லாம் சிக்குன்குனியா. வெண்ணிலா தலைப்பிரசவத்துக்கு அம்மா ரேணுகாம்பாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிறந்து மாசம்கூட ஆகாத பெண்குழந்தை. பார்க்க வந்த புருஷன் இளமாறன், கொசு வரக்கூடாதென்று அறை ஜன்னலை இழுத்துச் சாத்தி இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். (அவன் கெமிஸ்ட்ரி வாத்தியார். வெட்கக்கேடு! ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

மாமியாருக்கு ஏக சந்தோஷம். "ஆமா மாப்ள, பச்ச ஒடம்பு. காத்து கருப்பு அண்டக்கூடாது." தன் பங்குக்குக் கட்டிலருகே கரிச்சட்டி வைத்துச் சாம்பிராணி போட்டார்.

"போடுங்க அத்த, புகைக்குக் கொசுவும் ஓடிடும்."

மாப்பிள்ளையும் மாமியாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

3

சாயங்காலம் வெண்ணிலாவுக்குத் தலை வலித்தது. மூலையில் வெள்ளைப் புடவையில்... (வேண்டாம், வெள்ளைப் புடவை அலுத்துவிட்டது.) மூலையில் ஒருத்தி நின்றாள். முகம் தெரியவில்லை. குழந்தையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அம்மா, யாரோ நிக்கிறாங்கம்மா!"

ரேணுகாம்பாள் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் கரி அள்ளிப் போட்டார். புகை கூடக்கூட மூலையில் நின்றவள் கிட்டே வந்தாள். வெண்ணிலா மகளை உலுக்கினாள். குழந்தை கண் திறக்கவில்லை. "ஐயோ, எம்புள்ள போயிடுமோ!" என்று அலறினாள்.

இங்கே நான் குறுக்கிட்டாக வேண்டும். மூடிய அறையில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத விஷக்காற்று கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் இல்லாத உருவமெல்லாம் தெரியும். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இது தெரியாதா என்ன! (இது அடிக்குறிப்பில் வரவேண்டியது. குழந்தை கிடக்கிற கிடப்பில் அதுவரை உங்களைக் காக்கவைக்க மனசில்லை.) பேயை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் அடைத்தார், ஒருத்தர் மூட்டினார்.

4

முடிவு அ: இளமாறனுக்குச் சுரீரென்று உறைக்கிறது. "அத்த, கரிச்சட்டிய வெளிய எடுங்க!" டேப்பைப் பிய்த்து ஜன்னலைத் திறக்கிறான்.

முடிவு ஆ: "பேய் வெளிய போறதுக்கு வழி வேணாமா? எதுக்கு மாப்ள இப்படி அடச்சு வெச்சிருக்கீங்க!" என்று ரேணுகாம்பாளே டேப்பைப் பிய்க்கிறார்.

ஆசிரியருக்கு அ பிடிக்கும். என் மனைவி கனகவல்லிக்கு ஆ. "எப்படியோ ஜன்னல் தொறந்துடுச்சில்ல, அப்புறம் என்னங்க?" என்றாள்.

அதுவும் சரிதான். மழைக்காற்று உள்ளே வந்தது. வெண்ணிலா குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். ஒரு சின்னத் தும்மல். அப்புறம் வீறிட்டு ஓர் அழுகை. அப்பாடா! ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "நல்லவேளை, வந்துட்டீங்க. பயமில்ல" என்றார் டாக்டர். நானும் பேனாவை வைத்துவிட்டுக் காபி குடித்தேன்.

5

முடிவு இ என்று ஒன்றும் இருந்தது. பேய்க்கதைக்கு அதுதான் பொருத்தம் என்பார்கள். அதில் ஜன்னல் கொஞ்சம் தாமதமாகத் திற

இல்லை. எழுத மாட்டேன். திறந்தது மாப்பிள்ளையா மாமியாரா என்பது உங்கள் பாடு, எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். குழந்தையை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள்.