சொல்ல மட்டும் படித்தவள்

ருவான்வெல்லைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. தாய்மார் லயத்து வீட்டிலேயே இருப்பதால் பிள்ளைகளும் வரமாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளை நான் ஆயாவாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வெறிச்சென்று கிடக்கும். அந்த நாட்களில்தான் பால் வெட்டும் செலினா என்னிடம் சிங்கள எழுத்துப் படிக்க வந்தாள்.

சிங்களப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடை முதலாளியையே வாயால் மடக்கிவிடுவாள். எழுத்துதான் தெரியாது. அவள் மகள் சர்மிளாவுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. தூரத்து விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே படிப்பு சிங்களத்தில். லீவுக்கு வந்தால் தாயின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். சாப்பிடு, தூங்கு என்று சைகை காட்டலாம். மனதில் கிடப்பதை எப்படிக் காட்டுவது?

"மொதல்ல வாசிக்கப் பழகு," என்றேன்.

"அதெல்லாம் அப்பறம் புள்ள. 'ஒன்ன வேணாம்னு அனுப்பல'ன்னு எழுத மட்டும் காட்டிக் குடு. அது போதும்."

எனக்குக் கோபம் வந்தது. படிப்பு என்ன பருப்பா, வேண்டிய மட்டும் நிறுத்து வாங்க? ஆனாலும் காட்டிக் கொடுத்தேன். பால் வெட்டும் கத்தியை அநாயாசமாகப் பிடிக்கிற கை, சோக்குக் கட்டியை அழுத்தி இரண்டாக உடைத்தது. அந்த ஒற்றை வரியைப் படம் வரைவதுபோல் வரைந்து வரைந்து பழகினாள்.

ஏப்ரல் லீவில் மழை கொட்டிய ஒரு காலை, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கரும்பலகையில் அந்த வரியை எழுதிவிட்டு ஒதுங்கி நின்றாள். சர்மிளா வாசித்தாள். சோக்கை வாங்கி, பலகை நிறைய மளமளவென்று பதில் எழுதினாள்.

செலினா பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பதில் வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை, பாவம்.

"என்ன எழுதிருக்கா?"

எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். அன்று மட்டும் மழுப்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் மறைக்க நான் யார்?

"'எனக்குத் தெரியும் அம்மா. அங்க எல்லாரும் என்னோட கையால பேசுறாங்க. வீட்டுக்கு வந்தாத்தான் யாரும் பேசுறதில்ல'ன்னு எழுதிருக்கா."

செலினா அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பலகையைக் காட்டினாள், தன் கண்களைத் தொட்டுக் காட்டினாள், மகளைப் பார்த்துக் கை ஏந்தினாள்.

சர்மிளாவுக்குப் புரிந்தது. பலகையைத் துடைத்தாள். ஒரே ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, சோக்கை அம்மாவிடம் நீட்டினாள்.

மழை விட்டு வெயில் வந்தது. பால் வெட்டுக்கு ஆள் சேர்க்கக் கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"செலினா இன்னைக்கு வரமாட்டாங்க," என்று நானே சொல்லி அனுப்பினேன்.