கடைசி எண்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பையும் கையுமாக வந்து நின்றாள். மாமாவுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று போன வாரம் லேபில் முடிவு வந்திருந்தது. அது அவர் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோய், ஆளாளுக்குச் சிரிக்கிறார்களாம். விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஆகவே வாயை விட்டது அக்காதான் என்கிறாராம் மாமா.

"நாலு வருஷமா மலடின்னு பேச்சு வாங்கினேன். அப்பக்கூட வாயத் தொறக்கல. இப்பவா போய்ச் சொல்லுவேன்?"

அன்று லேபில் மாமாவுக்கு அடுத்து நின்றது அவர் ஆபீஸ்காரர் என்றும் சொன்னாள். அந்த லேபுக்கு வலைத்தளம் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி.

அக்கா மாமாவின் பாஸ்வேர்டைப் போட்டு அதில் உள்நுழைந்து கொடுக்க, என் கம்ப்யூட்டரில் மாமாவின் ரிப்போர்ட்டைத் திறந்தேன். திரையின் மேலே வலை முகவரியின் கடைசியில் ஒரு எண். அதில் ஒன்றைக் குறைத்துப் போட்டேன். யாரோ அறுபது வயது அம்மாளின் சிறுநீர் ரிப்போர்ட், பெயர், போன் நம்பரோடு வந்து பல்லிளித்தது. உள்ளே வருவது யார் என்று கேட்கிற எங்கள் புரோகிராம், திறக்கிற ரிப்போர்ட் அவருடையதுதானா என்று கேட்கவே இல்லை. அதைச் சரிபார்த்து ஒப்புதல் போட்டவள் நான்தான். அன்று டீ ஆறிவிடுமே என்ற அவசரம். த்தூ, என்ன பிழைப்பு இது.

டீம் லீடருக்குப் போன் செய்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"எவன் உக்காந்து நம்பர மாத்தப் போறான்னு நெனச்சோம். சத்தமில்லாம அந்த ஓட்டைய அடைச்சிடு. லேப்ல மூச்சு விடாத, ஒப்புதல்ல இருக்கறது உன் பேருதான்."

போனை வைத்துவிட்டு, லேபுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வேலை போனால் போகட்டும். அவர்கள் தளத்தை மூடுவதற்குள் மாமா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவரை வரச் சொன்னேன்.

வந்தவர் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன்.

"தப்பு எங்களோடது மாமா. அக்கா யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. உங்க ஆபீஸ்காரர் கடைசி நம்பர்ல ஒண்ணு கொறச்சு உங்களுதப் பாத்திருக்கார். நீங்க ஒண்ணு கூட்டிப் பாருங்க."

கூட்டினார். ஆபீஸ்காரரின் பெயர் போட்ட ரிப்போர்ட் வந்தது. மாமா உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். அக்கா சுவரோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்பார், மன்னிப்புக்கூட வேண்டாம், நிமிர்ந்தாவது பார்ப்பார் என்று நானும் காத்திருந்தேன்.

"இவனுக்கு இது வேற இருக்கா?" என்றார்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.