அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும்?

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் பிறந்தது. எங்கள் கல்வி அலுவலகம் 'வினாவால் விடிந்த வகுப்பறைகள்' என்று சிறப்பு மலர் போடுகிறது. அதற்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம். நான் அந்த அலுவலகத்தின் சிந்தனைத் துணைவன். (பதவியின் பெயரே அதுதான், நான் வைத்ததல்ல.) மலைப்பள்ளிகளுக்குப் போய், சங்கடத்தில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஆழமான கேள்விகள் கேட்பது என் வேலை. பதில் மட்டும் சொல்லக் கூடாது. ஏரிக்கரை விடுதியில் மூன்று நாள் பயிற்சி. சான்றிதழ் இருக்கிறது.

2

"பனி உருகிய ஒரு காலையில், ஆசிரியை கன்ஷாயிமின் மனமும் உருகி..."

வேண்டாம். அன்று பனி உருகவில்லை. அவளும் உருகவில்லை, பயந்திருந்தாள்.

கன்ஷாயிம் என் முன் ஒரு கட்டுரை நோட்டை வைத்தாள். பதினோராம் வகுப்பு மீரிம் எழுதியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அவள் காதில் தோடு போட்டுக் கல்யாணத்தை உறுதி செய்துவிட்டார்கள். பல்கலைக்கழகத் தேர்வு எழுத, வெள்ளிக்கிழமை தலைநகர் பிஷ்கேக்கிலுள்ள சித்தி வீட்டுக்கு ஓடப் போகிறாள். யாரிடமும் சொல்லாதீர்கள் டீச்சர்.

"சொல்லவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே."

(என் மனைவிக்கு இது அரை நிமிட வேலை. "நோட்டை அடுப்புல போட வேண்டியதுதானே?" என்றாள் அன்று இரவு, உருளைக்கிழங்கு உரித்தபடி. அவளிடம் சான்றிதழ் இல்லை.)

பயிற்சியில் காட்டியபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். "அவ அப்பாகிட்ட சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். படிவத்தில் 'ஆழ்ந்த சிந்தனை' என்று குறித்தேன்.

3

எங்கள் பக்கத்தில் அலுவலகத்திலிருந்து வருகிறவர் கேள்வி கேட்பதே கிடையாது. "வேலிக்கு இன்னும் சாயம் பூசலையா?" என்றால் மறுநாள் பூசியிருக்க வேண்டும். இருபது வருடம் நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று நாளில் நான் மாறிவிட்டேன். அதைக் கன்ஷாயிமுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் மீரிமின் அப்பா தொக்தோசுனிடம் போய்ச் சொன்னாள். நல்ல ஆசிரியை என்று அவர் பாராட்டி, வீட்டுக்கு ஆட்டிறைச்சி கட்டிக் கொடுத்தார். அன்று மாலையே பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த வாரம் போனபோது, ஏன் சொன்னாள் என்று கேட்டேன்.

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

"நான் கேள்விதாம்மா கேட்டேன்."

"ஆமா. ஆபீஸ்லேர்ந்து வந்து கேட்டீங்க." சாக்பீஸ் பெட்டியைத் திறந்தபடி, "இப்பவாவது பதில் சொல்லுங்க. அவ பரீட்சைக்கு வருவாளா?"

வாயைத் திறந்தேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றுதான் வந்தது.

கன்ஷாயிம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: மீரிம் தப்பித்துத் தேர்வு எழுதுகிறாள். மலர்க் குழுவுக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தேன். வாசல் வரை வந்தவள் அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறாள்.

முடிவு இரண்டு: நான் போய் அவளை அழைத்து வருகிறேன். (அப்படிப் போகிற 'நான்' எனக்குப் பழக்கமில்லை.)

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். தேர்வுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மாப்பிள்ளையின் ஊருக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.